அயர்லாந்துத் தொன்மங்களைக் கொண்டு இளையோருக்கான காலப்பயண நாவல் எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் பிறப்பதற்கு முந்தைய இரவு. அயர்லாந்தின் மேற்கிலுள்ள கானாக்ட் நாட்டில், அரசன் அலிலும் அரசி மேவும் வாழும் க்ரூஅகன் அரண்மனையில் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கிறது. வெளியே தூக்கிலிடப்பட்டுத் தொங்கும் கைதியின் காலில் ஒரு மிலாறு வளையத்தைக் கட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு உண்டு என்று அரசன் அறிவிக்க, நெரா என்னும் இளைஞன் மட்டும் துணிந்து போகிறான். அவன் திரும்பும்போது அரண்மனை எரிந்துகிடக்கிறது. அவனுடைய மக்களின் தலைகள் குவிந்துகிடக்கின்றன. எரித்த படையைப் பின்தொடர்ந்து ஒரு குகைக்குள் நுழைந்தவன், அங்குள்ள அரசனுக்கு நாள்தோறும் விறகு சுமந்து, அங்கேயே ஒரு பெண்ணோடு இல்லறமும் நடத்துகிறான். அவள்தான் அவனுக்கு உண்மையைச் சொல்கிறாள்: நீ கண்ட எரிப்பு இன்னும் நடக்கவில்லை, நீ போய் எச்சரிக்காவிட்டால் நடக்கும், உன்னவர்கள் இப்போதும் அதே கொப்பரையைச் சுற்றித்தான் அமர்ந்திருக்கிறார்கள். போய்ச் சொன்னால் நம்புவார்களா என்று கேட்கும் நெராவிடம், கோடைகாலத்தில் விளைபவற்றை எடுத்துக்கொண்டு போ என்கிறாள். பனிக்காலத்தின் வாசலில், காட்டுப்பூண்டும் பிரிம்ரோஸ் மலரும் பொன்னிறப் பெரணியும் கையில் ஏந்தி அவன் வெளியே வருகிறான்.

இந்த இடைக்காலக் கதையில் எதிர்காலக் காட்சி இருக்கிறது, உள்ளும் புறமும் வெவ்வேறாக ஓடும் காலம் இருக்கிறது, காலத்தைக் கடந்து வந்ததற்கான சான்றுப்பொருளும் இருக்கிறது. ஆகவே அயர்லாந்துத் தொன்மத்தை அடிப்படையாக வைத்து எழுத விரும்புபவர் காலப்பயணத்துக்கான பொறியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அந்தக் கதைகள் காலத்தைத் தமக்கே உரிய விதிகளால் ஆள்கின்றன. அவ்விதிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு முழுவதும் கட்டுப்பட்டு, பதின்பருவத்தினருக்கு ஒரு நாவலை எழுதும் முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மூலக்கதைகளை அவற்றின் இடத்தில் வைத்துப் படியுங்கள்

அறிஞர்கள் இக்கதைகளை நான்கு தொகுதிகளாகப் பிரிப்பார்கள். தூஹா டே டானன் என்னும் தெய்வக்குடியினர் வரும் தொன்மத் தொகுதி, கூஹூலின் என்னும் வீரனும் அரசி மேவும் வரும் அல்ஸ்டர் தொகுதி, ஃபின் என்னும் தலைவனும் அவன் மகன் ஓஷீனும் காடுகளில் திரியும் வீரர்களும் வரும் ஃபினியத் தொகுதி, அரசர்களின் தொகுதி. இது பிற்காலத்தவர் செய்துகொண்ட வகைப்பாடே தவிர, கதை சொன்னவர்கள் வகுத்ததன்று. அவர்கள் கடற்பயணம், வேற்றுலகப் பயணம், பெண்கேட்டல், ஆநிரை கவர்தல் என்று நிகழ்ச்சியின் வகையைக் கொண்டே கதைகளைப் பெயரிட்டார்கள். நாவலாசிரியருக்கு அந்தப் பழைய முறையே பயன்படும். உங்கள் கதை கடல் வழியாகப் போகிறதா, வேற்றுலகத்தார் வாழும் மண்மேட்டுக்குள் போகிறதா என்பதை அது முதலிலேயே கேட்டுவிடுகிறது.

இவற்றை எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் கிறித்தவ மடங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அயர்லாந்து மொழி இலக்கியத்தைத் தாங்கி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பெருஞ்சுவடி 'பழுப்புப் பசுவின் நூல்'. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த அது இன்று டப்ளினிலுள்ள ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது. அதை எழுதியவர்களுள் ஒருவரான மேல் முரே, 1106இல் க்ளான்மக்னாய்ஸ் மடத்தின் தேவாலயத்தில் கொள்ளையரால் கொல்லப்பட்டார். ஒரே கதை இரண்டு சுவடிகளில் இரண்டு விதமாக இருப்பதும், பழைய தெய்வங்கள் திடீரென்று விவிலிய வம்சவரிசைக்குள் நுழைந்துவிடுவதும் இந்தப் பின்னணியால்தான். 'சரியான வடிவம் எது' என்று தேடி ஆண்டுகளைக் கழிக்காதீர்கள். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டால் போதும்.

படிப்பதற்கு வசதி இருக்கிறது. கார்க் பல்கலைக்கழகத்தின் 'செல்ட்' என்னும் இணையத் தொகுப்பில் மூலங்களும் பல மொழிபெயர்ப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 'டூகஸ்' தளத்தில் 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் வழக்காறுகள், அவர்களின் கையெழுத்திலேயே படமாக்கப்பட்டுள்ளன. இளையோர் நாவல் எழுதுபவருக்கு இதைவிடச் செழுமையான மூலத்தை என்னால் காட்ட முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் ஊரிலுள்ள மேட்டைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டதைப் பள்ளி நோட்டில் எழுதியிருக்கும் தொனி, எந்த ஆய்வு நூலிலும் கிடைக்காது.

இரண்டாம் படி: காலவிதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நாவலின் தலைவிதி இந்தப் படியில்தான் முடிவாகிறது, அவசரப்படாதீர்கள்.

நன்கறியப்பட்ட விதி, வேற்றுலகில் கொஞ்ச காலம் கழிய, இங்கே நூற்றாண்டுகள் ஓடிவிடுவது. ஏறத்தாழ 1750இல் க்ளேர் மாவட்டக் கவிஞர் மீஹால் கோமின் பாடியதாகக் கருதப்படும் பாடலில், நீவ் என்னும் பொன்முடிப் பெண்ணோடு இளமையின் நாடான தீர் ந நோக்குக்குப் போன ஓஷீன், 300 ஆண்டுகள் கழித்துக் குதிரையில் திரும்பி வருகிறான். தரையைத் தொடக் கூடாது என்பது கட்டளை. டப்ளினுக்குத் தெற்கேயுள்ள க்ளெனஸ்மோல் பள்ளத்தாக்கில் ஒரு பெருங்கல்லைத் தூக்க முடியாமல் திணறும் மனிதர்களுக்கு உதவக் குனியும்போது சேணவார் அறுகிறது. விழுந்தவன் கண்ணிழந்த கிழவனாகிறான். இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழைமையான பிரான் என்பவனின் கடற்பயணக் கதையில் இவ்விதி இன்னும் கடுமையானது. ஊர் நினைவு தாளாமல் கரையில் குதித்த பிரானின் தோழன் நெக்தான், பல நூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்தவனைப் போல அந்தக் கணமே சாம்பலாகிறான். ஆனால் எனக்கு அக்கதையில் முக்கியமாகப் படுவது அதற்குச் சற்று முன்னர் நடக்கும் உரையாடல். பிரான் படகிலிருந்தபடியே தன் பெயரைச் சொல்கிறான். கரையில் நிற்பவர்கள், அப்படியொருவரை நாங்கள் அறியோம், ஆனால் பிரானின் பயணம் எங்கள் பழங்கதைகளில் இருக்கிறது என்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்தவன் தானே ஒரு கதையாகிப் போயிருப்பதைக் கேட்கிறான். காலப்பயண நாவலுக்குரிய முரண் அந்த ஒரு பதிலில் முழுமையாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான விதி நெராவினுடையது. உள்ளே நாட்கள் ஓட, வெளியே அதே இரவு நிற்கிறது. மூன்றாவது, காலத்தைச் சுருக்குவது. தாக்தா என்னும் தெய்வம் ஆற்றுத்தேவி போவனைக் கூடுவதற்காக அவள் கணவன் எல்க்மாரை ஒரு வேலையாக அனுப்பிவிட்டு, ஒன்பது மாதங்கள் அவனுக்கு ஒரே நாளாகத் தோன்றும்படி செய்கிறான். எல்க்மார் வீடு திரும்புவதற்குள் ஏங்கஸ் என்னும் குழந்தை பிறந்துவிடுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, நியூகிரேஞ்ச் மேட்டை 'ஒரு பகலும் ஓர் இரவும்' மட்டும் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கி, உலகம் முழுவதும் பகலும் இரவுமாகத்தானே கழிகிறது என்று வாதிட்டு, அதை என்றென்றைக்கும் எடுத்துக்கொள்கிறான். நான்காவது, மறுபிறப்பு. ஏடீன் என்பவள் பொறாமையால் நீராகவும் புழுவாகவும் ஈயாகவும் மாற்றப்பட்டு, காற்றால் அலைக்கழிக்கப்பட்டு, ஒரு பெண்ணின் கிண்ணத்தில் விழுந்து விழுங்கப்பட்டு, முதல் பிறப்புக்கு 1,012 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பிறக்கிறாள். பழைய பிறவி அவளுக்கு நினைவில்லை, பழைய கணவன் மிடிருக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது, காலத்தை ஒரு கணமும் தாண்டாமல் வாழ்ந்தே கடப்பது. ஊழிவெள்ளத்தில் தப்பிய ஃபின்டன் சால்மன் மீனாகவும் கழுகாகவும் வல்லூறாகவும் இருந்து எல்லாவற்றையும் பார்க்கிறான். லிர்ரின் நான்கு பிள்ளைகள் அன்னங்களாகி மூன்று நீர்நிலைகளில் முந்நூறு முந்நூறாக 900 ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டைக் கலக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கலந்தால், நாயகி ஆபத்தில் சிக்கும்போதெல்லாம் வசதியான விதி ஒன்று கிடைத்துவிடும். வாசகர் பயப்படுவதை நிறுத்திவிடுவார். தேர்ந்த விதியை ஒரு தாளில் மூன்றே வாக்கியங்களில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்: உள்ளே ஒரு நாள் என்றால் வெளியே எவ்வளவு, உடல் எந்தக் காலத்துக்குக் கட்டுப்படுகிறது, விதியை மீறினால் யாருக்கு என்ன நேரும்.

மூன்றாம் படி: வாயிலை உண்மையான ஓரிடத்தில் வையுங்கள்

அயர்லாந்துக் கதைகளில் பெயரற்ற காடு என்று எதுவும் அநேகமாக இல்லை. மேடு, ஆற்றுத்துறை, குளம் ஒவ்வொன்றுக்கும் பெயரும் பெயர்க்காரணமும் உண்டு. 'அங்கொரு மாயக்குகை' என்று எழுதினால் அந்த மரபுக்கு வெளியே போய்விடுகிறோம்.

நியூகிரேஞ்சை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டப்பட்ட இந்தக் கல்லறை மேட்டின் வாயிலுக்கு மேல் ஒரு சிறு திறப்பு இருக்கிறது. டிசம்பரில் பகல் மிகக் குறுகியிருக்கும் கதிர்த்திருப்ப நாளை ஒட்டிய காலைகளில் அந்தத் திறப்பின் வழியே நுழையும் ஒளி 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து உள்ளறையைத் தொட்டு, 17 நிமிடங்கள் நின்று மறைகிறது. தொல்லியலாளர் எம். ஜே. ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே தனியே நின்று இதைப் பார்த்தார். இன்று அந்த ஒளி சூரியன் எழுந்து சுமார் 4 நிமிடங்கள் கழித்தே நுழைகிறது. பூமியின் சாய்வு மெல்ல மாறிவந்ததே காரணம், கட்டிய காலத்தில் உதயத்தோடு சேர்ந்தே நுழைந்திருக்கும். தான் எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று தெரியாத ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு, இந்த 4 நிமிடம் ஒரு கடிகாரமாகும்.

அதே இடம் பொறியாகவும் மாறும். நுழைவாயிலின் இருபுறமும் இன்று பளிச்சென்று நிற்கும் வெண்கல் சுவர், 1962 முதல் 1975 வரை நடந்த அகழாய்வை ஒட்டி மீளக் கட்டப்பட்டது. நாயகியை 1900ஆம் ஆண்டுக்கு அனுப்பினால் அவள் பார்ப்பது புல்லும் மரங்களும் மண்டிய மேடு. 1500ஆம் ஆண்டுக்கு அனுப்பினால் பாதையின் வாயிலே கண்ணுக்குத் தெரியாது. 1699இல் நிலக்கிழார் ஒருவரின் ஆட்கள் கல்லெடுக்கத் தோண்டியபோதுதான் அது மீண்டும் வெளிப்பட்டது. உள்ளறையில் வந்து இறங்கியவள் வெளியேற வழியில்லாமல் இருளில் நிற்பாள். இதைவிட நல்ல அத்தியாய முடிவை நீங்கள் கற்பனையில் தேட வேண்டியதில்லை.

நெராவின் குகையும் இருக்கிறது. ரோஸ்காமன் மாவட்டத்தில், டல்ஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகே ராத்கிரோகன் என்று இன்று அழைக்கப்படும் இடத்திலுள்ள அதற்கு ஓவினகாட், அதாவது பூனைகளின் குகை, என்று பெயர். தவழ்ந்து நுழைய வேண்டிய குறுகலான வாய். உள்ளே கூரையைத் தாங்கும் கல்லொன்றின் விளிம்பில் ஓகம் என்னும் பழைய அயர்லாந்து எழுத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. மேவின் மகன் ஃப்ராய்க்கினுடையது என்று அதைப் படிக்கிறார்கள். புராண அரசியின் பெயர், சேற்றில் படுத்தபடி டார்ச் ஒளியில் விரலால் தடவிப் பார்க்கக்கூடிய கீறலாக அங்கே இருக்கிறது. அந்தத் தடவலை எழுதுங்கள். ஓகம், கல்லின் விளிம்பில் பெரும்பாலும் கீழிருந்து மேலாகச் செல்லும் கோடுகளால் ஆனது. அடிப்படை எழுத்துகள் 20, ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். விரல்களால் எண்ணிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் காட்சி ஒன்றை இளம் வாசகர்கள் விரும்பிப் படிப்பார்கள், தாங்களும் எழுதிப் பார்ப்பார்கள்.

நான்காம் படி: எந்த ஆண்டு என்று முடிவு செய்யுங்கள்

தொன்மத்துக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. நாவலுக்கு அது தேவை. இரண்டு வழிகள் உள்ளன. கதையில் வரும் காலத்துக்கே, அதாவது மேவ் ஆளும் க்ரூஅகனுக்கே, அனுப்பலாம். அல்லது வரலாற்றின் ஓர் ஆண்டுக்கு அனுப்பி, அங்கே தொன்மம் எந்த வடிவில் உயிரோடிருந்தது என்று காட்டலாம்.

முதல் வழியில் தொல்லியல் கைகொடுக்கும். லாங்ஃபோர்டு மாவட்டத்திலுள்ள கோர்லியாவில் சதுப்புநிலத்தின் மீது ஓக் மரப் பலகைகளால் போடப்பட்ட ஒரு சாலை கண்டெடுக்கப்பட்டது. மரவளையங்களைக் கொண்டு கணக்கிட்டதில் அந்த மரங்கள் கி.மு. 148ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. ஏடீனை மீட்க வந்த மிடிர், அவளுடைய மானிடக் கணவனான அரசனின் ஆணைக்கிணங்க ஒரே இரவில் ஒரு சதுப்பின் மீது சாலை போடுகிறான். அதை மனிதர் யாரும் பார்க்கக் கூடாது என்று கேட்டும், அரசன் ஒற்றனை அனுப்பிவிடுகிறான். மிடிரின் மேடாகச் சொல்லப்படும் குன்று கோர்லியாவிலிருந்து வெகு தொலைவில் இல்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பலகைச் சாலை சதுப்பில் சில ஆண்டுகளிலேயே அமிழ்ந்துபோனது. சாலை போடப்படும் இரவில் உங்கள் நாயகன் அங்கிருந்தால், பள்ளிச் சுற்றுலாவில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்த அதே பலகைகளின் மேல் அவன் நடந்து போகிறான்.

இரண்டாம் வழியில் 1916 எனக்குப் பிடித்த ஆண்டு. அந்த ஆண்டு அக்டோபர் 1 வரை அயர்லாந்தின் சட்டபூர்வ நேரம் கிரீனிச்சைவிட 25 நிமிடம் 21 வினாடி பின்தங்கியது. ஏப்ரல் 24இல் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி தொடங்கியபோது நகரக் கடிகாரங்கள் தமக்கே உரிய நேரத்தைக் காட்டின. பின்னர் அந்த நேரம் ஒரு சட்டத்தால் எடுக்கப்பட்டது. எழுச்சியின் மையமாக இருந்த தலைமை அஞ்சலகத்தில் இன்று, தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடியே இறந்த கூஹூலினின் வெண்கலச் சிலை நினைவுச்சின்னமாக நிற்கிறது. நாடே தன் நேரத்தை இழந்த ஓர் ஆண்டில், காலத்தை இழந்த ஒரு சிறுவனை நடமாட விடலாம்.

எந்த ஆண்டானாலும், அன்றாடப் பொருட்களில் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் அங்கே இல்லை. பழைய உணவு பால், வெண்ணெய், ஓட்ஸ், பார்லி, பன்றி இறைச்சி. பாம்பு கிடையாது. செல்வத்தின் அளவு நாணயம் அல்ல, கறவைப் பசு. நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். மொழியிலும் எச்சரிக்கை தேவை: பள்ளியில் அயர்லாந்து மொழி படித்த இன்றைய பிள்ளைக்கு 8ஆம் நூற்றாண்டின் பேச்சு புரியாது, கி.மு. 148இல் பேசப்பட்டது அறவே புரியாது. நியூகிரேஞ்சைக் கட்டியவர்கள் பேசிய மொழி எதுவென்று சொல்லக்கூடச் சான்றில்லை. தூஹா டே டானன் கதைகள் அந்த மேட்டின் மேல் பிற்காலத்தில் வந்து படிந்தவை. மொழித்தடையை ஒரு மந்திரத்தால் நீக்கிவிடாமல், நாயகி சொற்களைத் தப்பும் தவறுமாகப் பொறுக்கிச் சேர்க்கும் சில அத்தியாயங்களை எழுதினால், அவள் அங்கே உண்மையிலேயே இருக்கிறாள் என்பதை வாசகர் நம்புவார்.

ஐந்தாம் படி: விதிக்குப் பொருந்தும் பிள்ளையைப் படையுங்கள்

இளையோர் நாவலின் நடுவில் இருப்பது ஒரு பருவத்தின் கேள்வி: நான் இனி யாருடைய பிள்ளை, யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியவன். பழைய அயர்லாந்துச் சமூகம் இக்கேள்வியைத் தெளிவாகவே கேட்டது. பிள்ளைகள் ஏழு வயதளவில் வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளைகளாக விடப்பட்டார்கள். சட்ட நூல்கள் கூறும் ஒரு கணக்கின்படி பெண்கள் 14 வயதிலும் ஆண்கள் 17 வயதிலும் பெற்றோரிடம் திரும்பினார்கள். சொத்து கைக்கு வராத இளைஞர்கள் ஊருக்கு வெளியே வேட்டையாடித் திரிந்த குழுக்களே ஃபினியக் கதைகளின் சமூக அடித்தளம். இன்றைய பக்கத்தில், பதினைந்து பதினாறு வயதில் அரசுத் தேர்வில்லாத ஓர் இடைமாற்ற ஆண்டு அயர்லாந்துப் பள்ளிகளில் உண்டு. கதை நிகழ ஏற்ற காலம் அதுவே. அந்நாட்டு மருத்துவமனைகளில் இந்தியச் செவிலியர் பலர் பணிபுரிவதால், அவர்களின் பிள்ளை ஒருவரை நாயகராக்குவதும் இயல்பானதே. ஆனால் தமிழ் வாசகருக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். ரோஸ்காமனில் மாடு வளர்க்கும் வீட்டுப் பெண்ணையும் தமிழ் வாசகர் தன்னவளாகவே ஏற்பார்.

பிள்ளையின் காயம் காலவிதியோடு பொருந்த வேண்டும். ஓஷீனின் விதியை எடுத்தால், வீட்டைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்று துடிப்பவரை வையுங்கள். திரும்பி வரும்போது வீடே இருக்காது. ஏடீனின் விதியானால், தத்தெடுக்கப்பட்டு, தன் தொடக்கத்தை அறியாத பெண் பொருந்துவாள். நெராவின் விதிக்கு நான் எழுதிப் பார்க்கும் திட்டத்தை அடுத்த படியில் தருகிறேன்.

ஆறாம் படி: தடையும் விலையும்

இக்கதைகளில் வீரர்களை ஆள்வது கெஷ் என்னும் தனிப்பட்ட விலக்கு. கூஹூலின் நாயிறைச்சி உண்ணக் கூடாது. விருந்துக்கு அழைத்தால் மறுக்கவும் கூடாது. வழியில் கிழவிகள் நாயிறைச்சி சமைத்து அவனை அழைக்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று உடையும். உடைந்ததும் அவன் பலம் குறைகிறது. உங்கள் பயணிக்கும் இப்படி இரண்டு விலக்குகள் கொடுங்கள். தனித்தனியே பார்த்தால் எளியவையாகவும், கதையின் முக்கால் பங்கில் ஒன்றோடொன்று மோதுபவையாகவும் அவை இருக்க வேண்டும்.

திட்டம் ஒன்றைப் பார்ப்போம். டல்ஸ்க் அருகே வாழும் பதினாறு வயது இரட்டையர், அக்காளும் தம்பியும். நவம்பருக்கு முந்தைய இரவில் அவள் ஓவினகாட்டுக்குள் நுழைகிறாள். தம்பி வெளியே நின்று கைப்பேசியில் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறான். உள்ளே அவள் ஓராண்டு வாழ்கிறாள். ஓராண்டும் அவள் உடலில் ஏறுகிறது. வெளியே வரும்போது அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை, திரையில் ஓடும் நேரம் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. அவள் முடி தோளைத் தாண்டியிருக்கிறது. காலணி காலுக்குச் சேரவில்லை. கையில் வாடாத பிரிம்ரோஸ். எதிரே நிற்கும் தம்பி இனி அவளுக்கு இரட்டை அல்லன், ஒரு வயது இளையவன். அடுத்த பிறந்தநாளில் ஒரே கேக்கில் எத்தனை மெழுகுவர்த்தி வைப்பது என்று அம்மா யோசிக்கவே மாட்டாள். அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். எதிர்காலத்தில் என்ன எரியப் போகிறது என்பதை அவள் கண்டுவந்திருப்பதால் மீண்டும் மீண்டும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தம்பிக்கும் அவளுக்கும் இடைவெளி கூடுகிறது. ஊரைக் காக்க வேண்டும் என்பது ஒரு விலக்கு. தம்பியிடம் பொய் சொல்லக் கூடாது என்பது மற்றொன்று. நெரா இறுதியில் அந்த மேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டான், ஊழிநாள் வரை வெளியே வரமாட்டான் என்று மூலக்கதை சொல்கிறது. அப்படியானால் அவன் இன்றும் உள்ளேதான் இருக்கிறான். அவள் அவனைச் சந்திக்கலாம்.

இத்திட்டத்தில் ஒவ்வொரு மாயமும் மூலத்திலிருந்தே வந்திருப்பதையும், நான் புதிதாகச் சேர்த்தது இரட்டையரை மட்டுமே என்பதையும் கவனியுங்கள். புதிதாகச் சேர்ப்பது குறைவாக இருக்கும்போதுதான் அதன் வலி ஆழமாக இறங்கும்.

ஏழாம் படி: உயிருள்ள நம்பிக்கையை அலங்காரமாக்காதீர்கள்

பச்சைத் தொப்பிக் குள்ளர்களையும் நான்கிலைக் க்ளோவர் செடியையும் விட்டுவிடுங்கள். மேட்டுக்குள் வாழ்பவர்கள் சிறகு முளைத்த சிற்றுருக்கள் அல்லர். அழகும் பெருமிதமும் கொண்ட, பேரம் பேசத் தெரிந்த, அஞ்சத்தக்க அயலார். இன்றும் வயலின் நடுவிலுள்ள பழைய மண்கோட்டையை உழாமலும் தனித்து நிற்கும் ஹாதார்ன் என்னும் முள்மரத்தை வெட்டாமலும் விடும் விவசாயிகள் இருக்கிறார்கள். 1999இல் க்ளேர் மாவட்டத்தின் லட்டூனில் அத்தகைய மரமொன்றைக் காக்கக் கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். சாலைத் திட்டம் அம்மரத்தை விட்டுவைக்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. நம்புகிறேன் என்றும் சொல்லாமல், நம்பவில்லை என்று மரத்தில் கைவைக்கவும் துணியாமல் இருக்கும் அந்த மனநிலையை நாவலின் பெரியவர்களுக்குக் கொடுத்தால், மாயம் ஊருக்குள் தானாக வந்துவிடும்.

எட்டாம் படி: பெயர்களைத் தமிழில் எழுதுதல்

எழுத்துக்கூட்டலைப் பின்பற்றாமல் ஒலியைப் பின்பற்றுங்கள். அயர்லாந்து மொழியில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும். நீவ், மேவ், ஓஷீன், மேட்டுக்குள் வாழ்பவர்களைக் குறிக்கும் ஷீ என்பன தமிழில் எளிதாக அமைகின்றன. நவம்பர் தொடக்கத்து விழாவின் பெயரைச் 'சௌவின்' என்று எழுதுவது பாதுகாப்பானது. 'சாவின்' என்று எழுதினால் வாசகர் வேறு பொருள் கொள்வார். ஓர் அத்தியாயத்தில் இரண்டுக்கு மேல் புதிய பெயர்களை அறிமுகப்படுத்தாதீர்கள். ஒலிப்பை உறுதிசெய்ய, இடப்பெயர்களுக்கான அந்நாட்டு அரசுத் தளமான 'லோகனிம்'மில் பல பெயர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம்.

ஒன்பதாம் படி: திருத்தம்

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள். ஒருபுறம் வெளியுலகின் நாளும் மணியும், மறுபுறம் பயணி வாழ்ந்த நாட்கள். ஒவ்வொரு காட்சியையும் இரண்டிலும் குறித்தால், விதி எங்கே வழுக்கியது என்று தெரிந்துவிடும். ஒளியையும் சரிபாருங்கள்: டிசம்பர் இறுதியில் அங்கே மாலை நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம் நீளும். டிசம்பரில் பள்ளி முடிந்ததும் குகைக்குப் போகும் பிள்ளைகள் இருட்டில்தான் போக முடியும்.

பிறகு, வாசிக்கும் பழக்கமுள்ள பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மூவரிடம் கையெழுத்துப் படியைக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். எந்தப் பக்கத்தில் விதி புரியாமல் போனது, எந்த இடத்தில் 'இப்படிச் செய்து தப்பித்திருக்கலாமே' என்று தோன்றியது என்று கேளுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் தப்பும் வழி ஒவ்வொன்றையும் கதைக்குள்ளேயே அடைக்க வேண்டும், விளக்கத்தால் அல்ல, நிகழ்ச்சியால்.

கடைசியாக, நூலின் பின்னே இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று சேருங்கள். எந்த மூலக்கதையை எந்த வடிவில் எடுத்தீர்கள், எதை மாற்றினீர்கள், எந்த இடங்கள் இன்றும் போய்ப் பார்க்கக்கூடியவை, பெயர்களை எப்படி ஒலிப்பது என்பவை அதில் இருக்கட்டும். முன்னே வைத்தால் கதையின் வாயில் திறப்பதற்கு முன்பே உள்ளிருப்பது தெரிந்துவிடும். பின்னே வைத்தால், கதையை முடித்த பிள்ளை அங்கிருந்து நேராக மூலத்தைத் தேடிப் போகும்.